தானாக நகரும் அம்புக்குறி

காஞ்சிபுரத்தை ஒட்டிய ஏனாத்தூர் ஆய்வுக்கூடத்தில் மவுஸை யாரும் தொடவில்லை, ஆனால் திரையில் அம்புக்குறி நகர்கிறது. பொய் சொல்லும்போது கை தடுமாறுமா என்று பார்க்க ஆய்வாளர் சுகாசினி எடுத்த மவுஸ் அசைவுகளின் பதிவு அது. இதுவரை "பொய் சொல்லுங்கள்" என்று அவள் கேட்டுக்கொண்ட ஒருவர் கையும் தடுமாறவில்லை. காரணம் புரியவில்லை. இன்றும் பொய்க்கும் உண்மைக்கும் வித்தியாசம் தெரியாவிட்டால் ஆய்வை நிறுத்திவிடுவார்கள். "நீ சொல்லச் சொன்ன பொய்க்கு எவன்மா பயப்படுவான்?" என்று கூட வேலை செய்யும் ஜோசுவா நேற்று சிரித்தான். அதனால்தான் காலையில் மேசைமேல் ஒரு பட்டுப்புடவையையும் "தொடாதீர்கள்" என்ற அட்டையையும் வைத்து, வந்தவர்களை ஒவ்வொருவராகத் தனியே விட்டாள்; யார் தொட்டார்கள் என்பதை மறைவில் இருந்த கேமரா பதிந்துகொண்டது. அசல் ஜரிகைதானா என்று சுரண்டி, உள்ளே சிவப்பு இழை தெரிகிறதா என்று பார்க்காமல் எந்தக் காஞ்சிபுரத்துக்காரரால் இருக்க முடியும்? பிறகு திரை கேட்டது: "புடவையைத் தொட்டீர்களா?" சுரண்டியவர் ஒருவரின் பதிவு இப்போது ஓடுகிறது. அம்புக்குறி "ஆம்" பக்கம் போகிறது, நிற்கிறது, மூச்சு வாங்குவதுபோல் நடுங்குகிறது, மெல்ல வளைந்து "இல்லை"யை அழுத்துகிறது. "ஆள் இங்கியே உக்காந்துக்கினு இருக்கிற மாதிரி இருக்குதுபா," என்று காலி நாற்காலியை விட்டு ஜோசுவா தள்ளி நிற்கிறான். அடுத்த பதிவு, புடவையைத் தொடாதவருடையது, நேராக "இல்லை"க்குப் போகிறது. சுகாசினி செய்முறையைத் திருத்தி எழுதுகிறாள்: யாரையும் பொய் சொல்லச் சொல்லக் கூடாது. மறைக்க ஒன்றை அவர்களே செய்துகொள்ள விட்டு, அதைப் பற்றிக் கேட்க வேண்டும்.