ஒரே பக்கத்தில் நீலமும் சிவப்பும்

கணினித் திரையில் ஒரு பக்கம் திறந்திருந்தது. அதில் இரண்டு கர்சர்கள் கண் சிமிட்டிக்கொண்டிருந்தன. நீலம் குடிநீர் அலுவலகத்திலிருந்து வந்திருந்தது, சிவப்பு சாலை அலுவலகத்திலிருந்து. இரண்டு அலுவலகமும் ஒரே பக்கத்தில் சேர்ந்து எழுதுவது அதுதான் முதல் தடவை.

‘பூக்காரத் தெருவில் திங்கட்கிழமை தார் போடுகிறோம்’ என்று சிவப்பு எழுதியது.

‘பூக்காரத் தெருவில் செவ்வாய்க்கிழமை குழாய்க்குத் தோண்டுகிறோம்’ என்று நீலம் அதற்குக் கீழே எழுதியது.

சிவப்பு நகர்ந்து நீலத்தின் வரிக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

“இத்தனை வருஷமா தார் காயறதுக்குள்ள வந்து தோண்டுற ஆளு நீங்கதானா?” என்றது சிவப்பு.

“நீங்க என்னிக்குப் போடுறீங்கன்னு எங்களுக்கு யாருங்க சொன்னா?” என்றது நீலம்.

சிவப்புக்குச் சுருக்கென்றது. யோசித்துப் பார்த்தால், சொன்னதில்லைதான். தன் வரியிலிருந்த திங்கட்கிழமையை அழித்தது.

“சரி, முதல்ல நீங்க தோண்டி மூடிடுங்க. நான் அடுத்த வாரம் வர்றேன்.”

நீலத்துக்கு உச்சி குளிர்ந்துபோனது.

அப்போது மஞ்சள் நிறத்தில் இன்னொரு கர்சர் தயங்கித் தயங்கி உள்ளே வந்தது. “டெலிபோன் கேபிள் ஆபீசுங்க. அந்தத் தெருவை நாங்களும் கொஞ்சம் தோண்டணும்.”

“வாங்க, வாங்க!” என்றன இரண்டும் ஒரே குரலில். “இன்னும் தார் போடலை.”