நன்றிப் பக்கத்தின் முதல் வரி

“முதல் நன்றி யாருக்குடா?” என்றாள் யூதிங். ஐந்து மணிக்குள் பேராசிரியர் ஜியாங் அறிக்கையில் கையெழுத்துப் போடாவிட்டால், மாணவர்கள் இருவரும் மரபணு மாற்றிய பாக்டீரியா போட்டிக்கே போகாது.

“வருசம் முழுக்க லேப் மிஷினை விட்டு நகராதவருக்கு,” என்றான் போஹான்.

“ஜியாங் சாருக்கா? லேப் எந்த மாடின்னே அவருக்குத் தெரியாதே!”

“நீ எழுது.”

தன் அறையில் ஜியாங் படித்தார்: ‘இரவுபகலாக இயந்திரத்தைக் காத்தவருக்கு முதல் நன்றி.’ “என்னை இவ்வளவு கவனிச்சிருக்கீங்களேப்பா!” உடனே கையெழுத்துப் போட்டார்.

லேப் திரும்பியதும், மிஷின் மக்கர் பண்ணாமலிருக்க, தைவான் வழக்கப்படி அதன் தலையில் வைத்திருந்த பச்சை நிறச் சோளப்பொரி பாக்கெட்டை, “முதல் நன்றி உங்களுக்குத்தான்,” என்று கும்பிட்டான் போஹான். தேதி முடியப்போவதைப் பார்த்துப் புது பாக்கெட் வைத்தான்.

யூதிங் பெருமூச்சு விட்டாள். “காலாவதியானா இவரை மாத்திடலாம். அவரை என்னடா பண்றது?”