இழுவைக்கு ஏற்ற வண்டி

எலியேசருக்கு மூளை இருக்கவேண்டிய இடத்தில் தற்பெருமை இருந்தது. அதற்கு நாலு சக்கரம் மாட்டிச் சிவப்புப் பெயின்ட் அடித்தால், அதுதான் அவன் புதிதாக வாங்கிய குட்டி எஸ்.யூ.வி.

ஞாயிற்றுக்கிழமை சலீனாஸில் கார் பந்தயம். நடுவில் கேயெய் மலை. தன் பழைய பந்தயக் காரை டிரெய்லரில் ஏற்றி, டிரெய்லரைக் குட்டி வண்டியில் மாட்டி இழுத்துப்போவதாக அவன் அறிவித்தான். டிரெய்லரும் காரும் சேர்ந்தால் இழுக்கிற வண்டியைவிடக் கனம் என்பது காகுவாஸ் ஊரில் இருந்த அவன் கார்ப் பட்டறையில் படுத்திருந்த பூனைக்குக்கூடத் தெரியும்.

பட்டறையில் அவனுக்குப் பாதிக்குப் பாதி பங்காளியான நோர்பெர்த்தோ தலையில் அடித்துக்கொண்டான்.

"மாப்ளே, ஏத்தத்துலயே இஞ்சின் வெந்துடும். எப்படியோ ஏறிட்டாலும் எறக்கத்துல பின்னாடி இருக்கிற கனம் உன்னைத் தள்ளும். டிரெய்லர் வாலை ஆட்ட ஆரம்பிச்சா இந்தப் பொம்மையால புடிச்சு நிறுத்த முடியுமா? என் பிக்கப்பை எடுத்துட்டுப் போ. கனம் இருக்கு, நீளம் இருக்கு, நல்ல பிரேக் இருக்கு. நானே மாட்டித் தரேன்."

"உன் பிக்கப்புல வாழைத்தார் ஏத்து," என்றான் எலியேசர். "இதை வித்தவன் என்ன சொன்னான் தெரியுமா? வீட்டையே இழுக்குமாம்."

விற்றவன் பேச்சை நம்பி மலையேறுகிற ரகம் அவன்.

மனைவி நெரேய்தா அவன் தோளில் சாய்ந்துகொண்டாள். "என் ராசா வண்டி எதையும் இழுக்கும். பிக்கப்புல போய் எறங்கினா பாக்கிறவங்க சிரிக்க மாட்டாங்களா?"

ஒரு வாரமாக அவள் இதையேதான் ஓதிக்கொண்டிருந்தாள். பந்தயம் என்ற பேச்சை எடுத்தாலே சட்டியைத் தூக்கி எறிகிறவள், இந்த முறை அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டு வைத்தாள். நீயும் வா என்றால் மட்டும் தலைவலி என்றாள்.

நோர்பெர்த்தோ அவளைத் தனியாக அழைத்தான். "அவனைக் கொல்லப் பாக்கிறியா நெரேய்தா? அவனுக்கு ஒண்ணு ஆயிட்டா மொத்தப் பட்டறையும் என் தலையிலதான் விழும், தெரியுமில்ல?"

அவள் சிரித்துவிட்டுப் போனாள்.

ஞாயிறு காலை எலியேசர் கையசைத்துக் கிளம்பினான். கொஞ்ச நேரத்தில் பட்டறைக்குப் போன் வந்தது. முதல் பெரிய ஏற்றத்திலேயே வண்டி புகைவிட்டு நின்றுவிட்டதாம், பிக்கப் வேண்டுமாம். நோர்பெர்த்தோ புறப்பட்டான். தலைவலிக்காரி துள்ளி ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏத்தத்துல நின்னுடும்னு எனக்குத் தெரியும் அண்ணே," என்றாள். "எறக்கத்துக்குப் போனாத்தானே வம்பு. உங்க பிக்கப்புல போயிருந்தா ஒழுங்காப் போய்ச் சேர்ந்து, பந்தயத்துல செவுத்துல மோதியிருப்பாரு. இதுல மானம் மட்டும்தான் போச்சு. இனி போனாலும் பேர் குடுக்கிற நேரம் தாண்டிடும். கூடப் போயிருந்தா சிரிச்சே மாட்டிக்கிட்டிருப்பேன்."

நோர்பெர்த்தோ ஆக்சிலேட்டரை அழுத்தி மிதித்தான்.

மலைச்சாலையில் எலியேசர் தலைகுனிந்து நின்றான். மலைமேல் குவாவாத்தேயில் பன்றி வறுவல் தின்னக் கிளம்பிய ஊரே அவன் முதுகுக்குப் பின்னால் பசியோடு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. "எறும்பைப் பூட்டி மாட்டை இழுக்கிறியாப்பா?" என்று ஒருவன் கேட்டுவிட்டுப் போனான். கேட்கவேண்டிய கேள்விதான்.

குட்டி வண்டியை ஓரமாகத் தள்ளவைத்த போலீஸ்காரம்மாவிடம் நோர்பெர்த்தோ பாடம் நடத்தினான். "இழுக்கிற வண்டி எப்பவும் பெருசா இருக்கணும் மேடம். இந்த பிக்கப்புக்கு இந்தச் சுமை ஒண்ணுமே இல்ல." பிறகு எல்லோரையும் விலகச் சொல்லி, கொக்கியை மாட்டி, சங்கிலி போட்டு, கீழே படுத்து வெகுநேரம் என்னவோ சரிபார்த்தான். எண்ணெய்க் கையோடு எழுந்து சாவியை எலியேசரிடம் நீட்டினான்.

"இனி கண்ணை மூடிட்டுப் போகலாம் மாப்ளே."

போலீஸ்காரம்மா நடுவில் புகுந்து சாவியைப் பிடுங்கினாள். "இந்த ஆளு இன்னிக்குத் தள்ளுவண்டியைக்கூடத் தொடக்கூடாது. வெவரம் தெரிஞ்சவரு நீங்க, நீங்களே ஓட்டுங்க. இங்க திரும்ப எடம் கெடையாது. மேல ஏறி அந்தப் பக்கம் எறங்கியாகணும்."

"எனக்கு முட்டி வலி மேடம்."

"வரும்போது இல்லாத வலியா?"

"சுமை அவனோடது..."

"பிக்கப் உங்களோடது."

நெரேய்தாவும் விடவில்லை. "இதைவிடப் பத்திரமான வண்டி இல்லைன்னு நீங்கதானே அண்ணே சொன்னீங்க?"

போலீஸ்காரம்மா மறுபக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். "எறக்கம் முடியிற வரைக்கும் நானும் கூட வரேன். ஏறுங்க, எனக்கும் பசிக்குது."

நோர்பெர்த்தோ படியில் ஒரு காலை வைத்தான். மலை உச்சியைப் பார்த்தான். காலை எடுத்துவிட்டான். சுற்றிக்கொண்டு அவள் ஜன்னலுக்கு வந்து இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினான்.

"விலங்கு போட்டுடுங்க மேடம்."

"எதுக்கு?"

கொக்கியையும் சங்கிலியையும் அவன் பழுதில்லாமல்தான் மாட்டியிருந்தான். கீழே படுத்து அறுத்து வைத்திருந்தது பிக்கப்பின் பிரேக் குழாயை.