வளைந்த ஸ்பூன்

"இந்த ஸ்பூனும் வளைஞ்சு போச்சா? உன் கையில எதுதான் நேரா இருக்கு?" என்று மருமகள் நெரெய்தாவின் முன்னால் ஸ்பூனை வீசினாள் தெலிதா.

நெரெய்தா வாங்கிய மின்சாரக் குக்கரைக் கண்டாலே மாமியாருக்கு ஆகாது. "அடியில காந்தல் முறுகாத சோறு ஆஸ்பத்திரிச் சோறு. அந்தப் பொட்டியை நான் தொடவும் மாட்டேன்!"

அன்று நெரெய்தாவின் மகளைப் பெண் கேட்டு மோகா ஊரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். தெலிதா சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தானே சமைத்தாள். பொன்னிறக் காந்தலைக் கடித்த மாப்பிள்ளையின் தாய் சொக்கிப்போனாள்.

"என்ன மொறுமொறுப்பு! எதுல ஆக்கினீங்க?"

"எங்கம்மா கொடுத்த வார்ப்புப் பானை. பொட்டியில வேகறதெல்லாம் சோறா, சம்பந்தியம்மா?"

"சரியாச் சொன்னீங்க. பொட்டியில ஆக்குற வீட்டுல நாங்க பொண்ணே எடுக்க மாட்டோம். எங்கே, அந்தப் பானையைக் காட்டுங்க!"

"கரி அப்பியிருக்கும், வேணாம்," என்று தெலிதா தடுப்பதற்குள் நெரெய்தா எழுந்து போய்விட்டாள்.

பரண்மேல் பானை நிறைய வெங்காயம் இருந்தது. மேடையில் குக்கர் இன்னும் சூடு தணியாமல் இருந்தது. சோறு வெந்ததும் மேலே துள்ளிச் சூட்டை நிறுத்த வேண்டிய அதன் பொத்தானை, ஒரு ஸ்பூன் வளைந்து நெளிந்து அழுத்திப் பிடித்திருந்தது.

நெரெய்தா ஸ்பூனைப் பிடுங்கினாள். குக்கரில் ஒட்டியிருந்த காந்தலைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வெளியே வந்தாள்.

"மன்னிச்சுக்குங்க சம்பந்தியம்மா, பானையை ஊறப் போட்டுட்டேன்."

"பார்த்தீங்களா?" என்றாள் தெலிதா. "ஒரு பானையை எடுத்துக் காட்டக்கூடத் துப்பில்லை!"