இலையின் அடிப்பக்கம்

நர்சரியில் வாங்கும் எந்தச் செடியையும் என் மனைவி எஸ்தர் ஒரு மாதம் வெளியே வைத்திருந்த பிறகுதான் பச்சோந்தியின் கூண்டுக்குள் வைப்பாள். "இலையில நிக்கிற தண்ணியத்தான் அது குடிக்கும். பூச்சிமருந்து ஒட்டியிருந்தா அவ்வளவுதான்," என்பாள். கடைசியாக ஒரு செம்பருத்தி வாங்கினாள். அதை வாங்கிய பன்னிரண்டாம் நாள் இறந்துபோனாள்.

செடி வந்த முப்பதாம் நாள் நானே இலைகளைத் துடைத்து, செடியைக் கூண்டுக்குள் வைத்துத் தண்ணீர் தெளித்தேன். பழைய செடி வாடியதிலிருந்து எதையும் குடிக்காத பச்சோந்தி, கம்பியை விட்டு அசையவில்லை. அதன் ஒரு கண் என்னைப் பார்த்தது. இன்னொரு கண்ணின் பார்வை வாசலிலிருந்து, ஆள் நடந்து வரும் வேகத்தில் நகர்ந்து, என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றது.

'அடிப்பக்கம் தொடைச்சீங்களா?' என்று அவள் எப்போதும் கேட்பது நினைவுக்கு வந்தது. செடியை வெளியே எடுத்து ஓர் இலையைத் திருப்பினேன். வெள்ளையாகப் பொடி படிந்திருந்தது. ஒவ்வோர் இலையாகக் கழுவித் திரும்ப வைத்தேன்.

பச்சோந்தி இறங்கி வந்து ஒரு சொட்டைக் குடித்தது. பிறகு இரண்டு கண்களாலும் என்னை மட்டும் பார்த்தது.

"இவ்வளவு சீக்கிரம் போயிட்டியா?" என்று தோளுக்குப் பின்னால் திரும்பிக் கேட்டேன்.