கேட்டுத் திறந்த கேட்

ரயில்வே கேட்டை நிரந்தரமாக மூடி இரண்டு வருடம் ஆகிறது. அங்கே சுவர் எழுப்பலாமா என்று பார்த்துச் சொல்ல, அதிகாரி என்று நம்பி என்னை அனுப்பியிருந்தார்கள். சுவர்தான் என்று வரும்போதே முடிவு செய்திருந்தேன். கேட்டின் குறுக்குக் கம்பத்தில் பீர்க்கங்கொடி படர்ந்து காய்த்துத் தொங்கியது. கொடியை ஏற்றிவிட்ட பக்கத்து வீட்டு முக்கம்மாள் முன்னால் வந்தாள்.

“யாரைக் கேட்டு சார் கேட்டை மூடுனீங்க?”

“கேட்டு மூடலம்மா, கேட்டைத்தான் மூடினோம்” என்றேன். நான் மட்டும் சிரித்தேன்.

“இப்பக் கேக்கேன், தெறங்க. தலைப்பிரசவத்துக்கு எம் மவ வாரா. ஆட்டோ அந்தப் பக்கம் நிக்கு, பாருங்க.”

அந்த நேரத்தில் ரயில் கிடையாது. கௌரவம் பார்க்காமல் நானே கம்பத்தைத் தூக்கும் கைப்பிடியைச் சுற்றினேன். பீர்க்கங்காய்களோடு கம்பம் வானத்துக்கு எழுந்தது.

“யம்மா, காயெல்லாம் மேல போவுது!” என்று ஆட்டோவுக்குள்ளிருந்து மகள் சிரித்தாள்.

கைப்பிடியை நிறுத்தும் கொக்கி துருப்பிடித்து உதிர்ந்திருந்தது. விட்டால் கம்பம் விழும். ஆட்டோவுக்குப் பின்னால் வைக்கோல் டிராக்டர், அதன் பின்னால் ஒரு ஆட்டு மந்தை.

“இன்னும் ஒரே ஒரு வண்டிதான் சார்” என்றாள் முக்கம்மாள், மறுபடியும்.

சட்டைப்பையில் போன் அடித்தது. முடிவைக் கேட்கத்தான் இருக்கும். எனக்குக் கை ஒழியவில்லை.