அக்கரைப் பழம்

காட்டில் அறிவுத் தேர்வு. "அக்கரைப் பழம் நனையாமல் இக்கரை சேர வழி என்ன?" என்று கிளி தன் பாஷையில் கேட்டது. தவளை விழித்தது.

"அதுக்கு உங்க பாஷை தெரியாதுங்க," என்றது துணைத் தேர்வாளர் ஆமை.

"சரி, சலுகை தர்றேன்," என்று கிளி அதையே உரக்கக் கத்தியது. பிறகு நிறுத்தி நிறுத்திக் கத்தியது.

ஆமைக்குத் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளலாம் போலிருந்தது. பொறுக்கமாட்டாமல், தண்ணீர் படாமல் ஓடையைக் கடக்கும் பழத்தைச் சேற்றில் காலால் வரைந்து காட்டியது.

தவளை உடனே குதித்தது. அறுந்து மிதந்த தாமரை இலையில் பழத்தை ஏற்றித் தள்ளிக்கொண்டே வந்தது.

கிளி பழத்தை ருசித்துத் தின்று அலகைத் துடைத்தது. "பதிலே சொல்லலையே! பூஜ்யம்."

"அப்போ நீங்க தின்னது என்னவாம்?" என்றது ஆமை.